கடுகுக்குள் கிடந்த சிம்

பாவாத்தாளுக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே தென்னந்தோப்பு வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். சாதாரண நாளில் "வாடா, போடா, எங்கடா போய்த் தொலைஞ்ச" என்று பேசுகிறவள் "வாங்க" என்றால் ஒரு படி ஏறிவிட்டாள் என்று அர்த்தம். "உக்காருங்க" என்றால் இரண்டாம் படி. "தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டாளோ, எதிரில் இருப்பவர் செருப்பைத் தேட ஆரம்பிப்பது உத்தமம். ஒருமுறை தோப்புக்குள் புகுந்து தென்னம்பிள்ளையைக் கடித்த எருமையைப் பார்த்து, "ஏனுங், போதுமுங்களா, இன்னும் ரெண்டு கொண்டாரட்டுங்களா?" என்று கேட்டாள். அந்த எருமை அப்புறம் அந்தத் திக்கில் திரும்பவே இல்லை. பத்து நாள் பால்கூடக் கறக்கவில்லை என்று பேச்சு.

அப்படிப்பட்டவள் போன மாசி மாதம் தன் கொழுந்தன் கிருபாசங்கரைப் பார்த்து, "வாங்க கிருபாசங்கர், சௌக்கியமுங்களா?" என்று கேட்டாள். கிருபாசங்கர் அந்த இடத்திலேயே செருப்பைத் தேட ஆரம்பித்தான்.

தேடாமல் என்ன செய்வான்? பாவாத்தாள் கல்யாணமாகி வந்தபோது அவன் எட்டாம் வகுப்புப் பையன். அவனுடைய அரைக்கால் சட்டைக்குப் பட்டன் தைத்தவள் அவள். இன்றைக்கு அவனுக்கு நாற்பத்தேழு வயது, கோயமுத்தூர் கணபதியில் ஆறு லேத் மெசின் ஓடுகிற பட்டறைக்கு முதலாளி. அப்போதும் அவனுக்கு அவள் "நங்கை", அண்ணியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அவன் "கண்ணு", "டேய்". முப்பத்து மூன்று வருசத்தில் ஒருநாள்கூட "வாங்க" என்று சொன்னதில்லை.

நடந்தது இதுதான்.

அண்ணன் பாலுசாமிக்கும் தம்பிக்கும் தோப்பு இரண்டாகப் பிரிந்தது. போர்வெல்லும் தண்ணீரை மேலே ஏற்றுகிற கம்ப்ரசரும் பொது. ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. தம்பி கோயமுத்தூரில் இருந்துகொண்டே தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று மோட்டார் ரூமில் செல்போன் ஸ்டார்ட்டர் ஒன்றை மாட்டினான். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. அந்த நம்பருக்கு ஒரு ரிங் கொடுத்தால் மோட்டார் ஓடும், இன்னொரு ரிங் கொடுத்தால் நிற்கும். ஓட ஆரம்பித்ததும் பெட்டிக்குள் இருக்கிற ஒரு பெண், "மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது" என்று செந்தமிழில் சொல்லுவாள்.

பாலுசாமிக்கு முழங்காலில் ஆபரேசன் ஆனதிலிருந்து தோப்பு வேலை முழுக்கப் பாவாத்தாள்தான். கம்ப்ரசருக்குப் பெல்ட் மாட்டுவதில் அவளை அடிக்க அமராவதி அணைக்கும் ஆழியாறு அணைக்கும் நடுவே ஆள் கிடையாது. தை மாதம் ஒரு முகூர்த்த நாளில் பெல்ட் நூல்நூலாகப் பிரிந்திருந்தது. காலை ஒன்பது மணிக்குக் கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"கண்ணு, பெல்ட்டு மாத்தப் போறேன். நான் சொல்ற வரைக்கும் மோட்டாருக்கு ரிங்கு உட்டுறாத."

"செரிங் நங்கை. நானே கல்யாணத்துக்குக் கெளம்பிக்கிட்டிருக்கேன். மோட்டாரு நெனப்பே வராதுங்."

கணபதிப் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. எந்த மெசினில் யார் கை வைத்தாலும் முதலில் போர்டில் இருக்கிற பீஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த வெள்ளைப் பீங்கான் கட்டை வெளியே இருந்தால் கரண்ட் வராது. அங்கே மெசின் பார்க்கிற ராமுலு மதியச் சோறு தின்னும்போதுகூடக் கட்டை பையில் கனக்க ஒரு பக்கம் சாய்ந்துதான் உட்காருவான். தோப்பில் அந்தச் சட்டம் இல்லை. தோப்பில் "செரிங் நங்கை"தான் பீஸ் கட்டை.

பதினொன்றே முக்காலுக்கு மோட்டார் ஓடியது.

பாவாத்தாளின் இடது கை பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்தது. கையை உருவினாள். இரண்டு விரல் முறிந்த கையோடு பின்னால் சாய்ந்தபோது இடுப்பில் செருகியிருந்த முந்தானையைச் சக்கரம் பிடித்துக்கொண்டது. ஐந்தரை மீட்டர் சேலை, கண் மூடித் திறப்பதற்குள் சர்ரென்று போய்விட்டது. அவள் பம்பரம்போல நான்கு சுற்றுச் சுற்றிச் சுவரில் மோதினாள். சேலைக்குப் பதில் கூந்தலைப் பிடித்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது. சேலை முழுக்கச் சுற்றிக்கொண்டதும் மோட்டார் முனகி, புகைந்து, தானாகவே நின்றது.

அப்போதுதான் தேங்காய் வியாபாரி ஜபருல்லா வெட்டு பார்க்க நான்கு ஆட்களோடு வந்திருந்தார். அலறல் கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். பாவாத்தாள் பாவாடையும் ரவிக்கையுமாக நின்றாள். ஜபருல்லா வாசலிலேயே திரும்பி நின்று, ஆட்களையும் திருப்பி நிறுத்தி, தோள் துண்டை முதுகுப் பக்கமாகவே வீசினார். "அம்மணி, ஆஸ்பத்திரிக்கு வண்டி ரெடியா நிக்குதுங்க" என்று தென்னை மரத்தைப் பார்த்துச் சொன்னார். வலி ஒரு பங்கு என்றால் மானம் போன ஆத்திரம் தொண்ணூறு பங்கு.

"டவர் கோளாறுங் நங்கை," என்றான் கிருபாசங்கர் ஆஸ்பத்திரியில். "சிக்னல் தப்பா வந்து தானா ஓடியிருக்குதுங். கம்பெனிக்காரனைச் சும்மா உடக் கூடாதுங்."

பாவாத்தாள் நம்பினாள். இருபது நாள், கட்டுப்போட்ட கையோடு, ஊர் முக்கில் நிற்கிற செல்போன் டவரைத் தாண்டும்போதெல்லாம் வைதாள். அந்த டவருக்குக் காது இருந்திருந்தால் இடி விழுந்ததுபோல இரண்டாகப் பிளந்திருக்கும்.

இருபத்தோராம் நாள் கல்யாண வீடியோ வாட்ஸப்பில் வந்தது. யார் என்ன சேலை கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க உட்கார்ந்தாள். பந்தியில் சாம்பார் ஊற்றுகிற இடத்தில் கிருபாசங்கர் தெரிந்தான். இடது கையில் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

"பாருங்க, நான் இங்க வடை திங்கறேன். ஒரே ஒரு ரிங்கு. அங்க எழுவது கிலோமீட்டரு தள்ளித் தண்ணி பாயும்!"

ஸ்பீக்கரில் செந்தமிழ்ப் பெண் சொன்னாள்: "மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது." பந்தியில் இரண்டு பேர் கை தட்டினார்கள். ஒருவர், "அட, சயின்ஸ் எங்கியோ போயிருச்சுங்க" என்றார்.

பாவாத்தாள் அதை ஒன்பது தடவை பார்த்தாள். ஒவ்வொரு தடவையும், கை தட்டுகிற அந்த இடத்தில்தான் தன் சேலை சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்திருக்கும் என்று கணக்குப் போட்டாள். மறந்து தொட்டிருந்தால்கூடப் போகிறது. ஒரு வடைக்கு நடுவில் இரண்டு பேர் கை தட்டலுக்காக. அதுவும் போகட்டும், ஒரு பாவமும் அறியாத டவரை இருபது நாள் வைய வைத்துவிட்டானே!

அந்த வாரக் கடைசியில் அவன் வந்து இறங்கியபோதுதான் அந்த "வாங்க கிருபாசங்கர், சௌக்கியமுங்களா?"

அன்றைக்கே ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து சிம்மைக் கழற்றினாள். எங்கே வைப்பது? பீரோ சாவி பாலுசாமிக்குத் தெரியும். சாமி படத்துக்குப் பின்னால் பல்லி இருக்கிறது. கடைசியில் அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குள் புதைத்தாள். கடுகை அவள் ஒருத்திதான் தொடுவாள். முதல் வாரத்திலேயே அது இரண்டு தடவை எண்ணெய்ச் சட்டிக்குள் விழப் பார்த்தது.

பத்து நாள் கழித்துக் கிருபாசங்கர் தனியாக வந்தான். நேராக மோட்டார் ரூமுக்குப் போய் அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். பாவாத்தாள் வாசலில் நின்றாள்.

"டவர் இல்லீங் நங்கை. நாந்தான். சொன்னா என்னைய வெறுத்துப்போடுவீங்கன்னு பயந்து பொய் சொல்லிப்போட்டேன்."

அப்புறம் தலையைக் குனிந்து அழுதான். ஒப்புக்கு அழுகிறவனுக்கு மூக்கு ஒழுகாது, இவனுக்கு ஒழுகியது. குனிந்த தலையின் உச்சியில் முடி உதிர்ந்து ஒரு சுழி தெரிந்தது. பாலுசாமிக்கும் அதே இடத்தில் அதே சுழி. பாவாத்தாளின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மளுக்கென்று முறிந்தது. விரல் முறிந்த சத்தத்தைவிடப் பெரிய சத்தம்.

"எந்திரிடா," என்றாள். "சாப்புட்டியா?"

அவ்வளவுதான், மன்னித்துவிட்டாள். அரிசியும் பருப்பும் சோறாக்கி நெய்யை ஊற்றி நான்கு தடவை போட்டாள். "வாங்க" இறங்கி "வாடா" ஆகிவிட்டது. அவள் மனசுக்குள் ஒரு பொட்டுக்கூட மிச்சமில்லை, தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

கிருபாசங்கர் கை கழுவினான். கை இன்னும் காயக்கூட இல்லை.

"அப்ப சிம்மைப் போட்டுரலாங்களா நங்கை?"

பாவாத்தாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது எதுக்கு?"

"நீங்கதான் மன்னிச்சுட்டீங்களேங்!"

"மன்னிச்சது உன்ற மூஞ்சிக்குடா. சிம்மு என்ற வெரலுக்கு. ரெண்டும் வேற வேற எடத்துல இருக்குது பாரு."

முறிந்த விரல் இரண்டும் கேள்விக்குறியாக வளைந்தே கூடியிருந்தன. அதைத் தூக்கிக் காட்டினாள்.

அவன் முறை நாளில் தண்ணீருக்கு அவள் குறை வைக்கவில்லை. "நங்கை, மோட்டார் போடுங்" என்று அவன் போன் செய்தால், வெயிலோ மழையோ, நடந்து போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டு வருவாள். ஒருநாள் காய்ச்சலோடுகூடப் போனாள். அவன் பங்குத் தென்னைகள் அவள் பங்கைவிட ஒரு பிடி கூடுதலாகவே குடித்துக் கொழுத்தன. ஆனால் கிருபாசங்கரின் தாகம் தண்ணீருக்கில்லை, அந்தச் சிம்முக்கு.

"நங்கை இன்னும் மனசுல வெச்சுக்கிட்டிருக்காங்க" என்று அவன் ஒருவரிடம் சொன்னான். அந்த ஒருவர் நான்கு பேரிடம் சொன்னார். பொள்ளாச்சி, பல்லடம், தாராபுரம் என்று பேச்சு பஸ் பிடித்துப் போனது. வயிற்றிலே குழந்தையாக இருப்பதுகூடப் பாவாத்தாளுக்கு மன்னிக்கத் தெரியாது என்று தெரிந்துகொண்டுதான் பிறந்தது. போன் மேல் போன்.

"பாவா, மன்னிச்சேன்னு சொல்லிப்போட்டுச் சிம்மை வெச்சுக்கறது நல்லாவா இருக்குது?"

"மனசு சுத்தமா இருந்தாச் சிம்மு எதுக்கு அம்மணி?"

பாவாத்தாளுக்கு ஆறவே இல்லை. சக்கரத்தில் மாட்டியது அவள் சேலை. முறிந்தது அவள் விரல். ஜபருல்லாவின் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது அவள். இப்போது குற்றவாளிக் கூண்டிலும் அவளா?

"ஏனுங்," என்று புருசனைப் பிடித்துக்கொண்டாள். "கடைக்காரன் சாமானத்துக்கு ரசீது குடுப்பான். உங்க தம்பி மன்னிப்புக்கு ரசீது கேக்கறானுங்களே! சிம்மைக் குடுத்தாத்தான் மன்னிச்ச கணக்கா? நான் பேசறது, சோறு போடறது, காச்சலோட போயிப் பொத்தானை அமுக்கறது, இதெல்லாம் என்னவாமா?"

பாலுசாமிக்கு எல்லோர் பேச்சையும் நியாயம் என்று நினைக்கிற சுபாவம். "நீ சொல்றதும் செரி" என்பார். தம்பி போன் போட்டால் "நீ சொல்றதும் செரி" என்பார்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒறம்பரை, சொந்தக்காரர் கூட்டம், வந்து இறங்கியது. முன்னால் முத்தாத்தாள், பாலுசாமியின் சின்னம்மா, பவானிக்காரி. எழுபத்திரண்டு வயதில் ஏழு ஊருக்குக் கேட்கிற குரல். எங்கே பஞ்சாயத்துக்குப் போனாலும் உட்காருவதற்குத் தன் ஊர் ஜமக்காளத்தையே சுருட்டிக் கொண்டுபோவாள். அதை முன்கூடமான ஆசாரத்தில் விரித்தால் தீர்ப்புச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டாள். பின்னால் கிருபாசங்கரும் அவன் மனைவி சண்முகப்பிரியாவும்.

முத்தாத்தாள் காப்பியைக் குடித்துவிட்டு ஆரம்பித்தாள்.

"பாவா, கணபதில இவன் புது ஊடு கட்டி முடிச்சுட்டான். வர்ற சித்திரை பத்தாந்தேதி பால் காச்சறாங்க. நீதான் பால் காச்சோணும்னு ஒத்தக் கால்ல நிக்கறான்."

"காச்சறனுங் அத்தை. அதுக்கென்ன?"

"ஆனா மனசுல ஒண்ண வெச்சுக்கிட்டு வந்து காச்சுனாப் பால் பொங்குமா? நீ சிம்மைப் போடு. அவன் இப்பவே பத்திரிக்கை வெக்கறான். இல்லீன்னா..." என்று இழுத்தாள். "எப்படி வெக்கறதுன்னு அவனும் ரோசனை பண்றான்."

பத்திரிகை சண்முகப்பிரியாவின் கைப்பையிலிருந்து பாதி எட்டிப் பார்த்தது. மஞ்சள் தடவித் தயாராக இருந்தது.

பாவாத்தாளுக்குக் காது இரண்டும் கொதித்தன. அடுப்பில்லாமலே அங்கே பால் பொங்கியிருக்கும்.

"அப்ப நான் மன்னிச்சது பத்தலீங்ளா அத்தை?"

"மன்னிச்சா மறக்கோணும். மறந்தா நம்போணும். அதான மொறை?"

"வெரலு மறக்க மாட்டீங்குதுங்களே. கடுகு எடுக்கப் போனாக்கூட வளைஞ்சுக்கிட்டு முன்னால வருதுங்."

"நான் சத்தியமா இனி ரிங்கு உட மாட்டனுங் நங்கை," என்றான் கிருபாசங்கர். "நீங்க சொன்ன சொல்லைத் தாண்ட மாட்டேன்."

"அன்னைக்கிம் செரிங் நங்கைன்னுதான் சொன்ன கண்ணு."

அவன் முகம் சுருங்கியது. எல்லோரும் பாவாத்தாளையே பார்த்தார்கள், அவள்தான் இப்போது எதையோ உடைத்துவிட்டவள் மாதிரி. அவள் பாலுசாமியைப் பார்த்தாள். மனிதர் தட்டில் இட்லியைப் பிட்டபடியே உட்கார்ந்திருந்தார். வாய்க்குப் போகவில்லை. தம்பி வீட்டுப் பால் காய்ச்சலுக்குப் போக முடியாமல் போய்விடுமோ என்று கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. நான்கு இட்லி தின்கிற மனிதர் அன்றைக்கு ஒன்றைக்கூட முடிக்கவில்லை. உலகத்தில் பாவாத்தாளைத் தோற்கடிக்கக்கூடிய ஒரே ஆயுதம் அந்த இட்லிதான்.

எழுந்து போனாள். அஞ்சறைப் பெட்டியைக் கவிழ்த்தாள். நான்கு கடுகு ஒட்டியிருந்த சிம்மை முந்தானையில் துடைத்தாள். "வாங்க எல்லாரும்," என்றாள். அந்த "வாங்க"வைக் கேட்டதும் பாலுசாமி மட்டும் தட்டை நழுவவிட்டார்.

மோட்டார் ரூமில் எல்லோர் கண் முன்னாலும் சிம்மைப் பெட்டிக்குள் தள்ளினாள். கிருபாசங்கர் தென்னைமரத்தடியில் நின்று ரிங் விட்டான். செந்தமிழ்ப் பெண் பேசினாள். தண்ணீர் குழாயில் பொளபொளவென்று பாய்ந்தது. முத்தாத்தாள் கை தட்டினாள். அந்தத் தட்டல் சத்தத்தில் பாவாத்தாளின் வளைந்த விரல் இரண்டும் தானாகவே போய் அக்குளுக்குள் ஒளிந்துகொண்டன.

பத்து நிமிசம் ஆகியிருக்காது. உள்ளே 'பட்'டென்று ஒரு சத்தம். பெல்ட் அறுந்துவிட்டது.

பாவாத்தாள் சேலையை இழுத்துச் செருகினாள்.

"நீங்க நில்லுங் நங்கை!" என்று பாய்ந்தான் கிருபாசங்கர். மன்னிப்புக்கு மேல் மன்னிப்பு வாங்க இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? செல்போனைச் சின்னம்மா கையில் கொடுத்தான். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினான். உள்ளே போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினான். புதுப் பெல்ட்டை ஆணியிலிருந்து எடுத்தான். போர்டுப் பக்கம் கை போனது. டக், டக், டக். மூன்று வெள்ளைக் கட்டைகளையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டு, பட்டனையும் போட்டுக்கொண்டு, சக்கரத்தின் முன்னால் குந்தினான்.

வாசலில் நின்ற பாவாத்தாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏங் கண்ணு."

"சொல்லுங் நங்கை."

"அதென்ன ஜோப்புல?"

"எதுங்?"

"இப்பப் போட்டுப் பட்டனை மாட்டுனியே, அது."

அவன் குனிந்து தன் பையைப் பார்த்தான். யாரோ அதற்குள் வைத்துவிட்டுப் போனதுபோல முழித்தான்.

"பீஸ் கட்டைங். பட்டறைப் பழக்கமுங் நங்கை. கை தானாப் போயிருச்சுங்."

"மோட்டாரு நெம்பரு ஆராருகிட்ட இருக்குது?"

"எங்கிட்ட, அண்ணங்கிட்ட, உங்ககிட்டங்."

"உன்ற போனு?"

"சின்னம்மா கையிலங்."

"உங்கண்ணன் உன்னையக் கொன்னுபோடுவாரா?"

"ஐயோ, என்னங் நங்கை!"

"சின்னம்மா?"

"சேச்சே!"

"அப்ப நானு? முப்பத்து மூணு வருசத்துல உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணியிருக்கேன்?"

"நீங்க எனக்கு அம்மா மாதிரிங்."

"அப்பக் கட்டையைத் திருப்பி மாட்டிப்போட்டுக் கையை உடு கண்ணு. நாங்க ஆரும் ரிங்கு உட மாட்டோம். சத்தியம்."

கிருபாசங்கர் சிரித்தான். எழுந்தான். பட்டனைக் கழற்றி ஒரு கட்டையை எடுத்தான். போர்டுவரை கொண்டுபோனான். அங்கே கை நின்றது. சிரிப்பும் நின்றது. கழுத்தில் வேர்வை பூத்தது. வெளியே முத்தாத்தாள் கையில் இருக்கிற செல்போனை ஒருதரம் பார்த்தான். பெரியவளுக்கு அதைப் பூட்டவும் தெரியாது, திறக்கவும் தெரியாது. கட்டைவிரல் பாட்டுக்குக் கண்ணாடி மேல் மேய்ந்துகொண்டிருந்தது.

"நம்பறனுங் நங்கை. உங்களை நம்பாம வேற ஆரை நம்பப் போறேன்? ஆனா..."

"ஆனா?"

"கையிங்களே!"

பாவாத்தாள் போட்ட சத்தத்தில் தோப்பிலே இருந்த அத்தனை காக்கையும் கிளம்பிவிட்டது. காயாகாத குரும்பை இரண்டு உதிர்ந்தன.

"அந்த ஆனாதானுங்க! ரெண்டு மாசமா நான் கடுகுக்குள்ள வெச்சிருந்தது சிம்மில்லீங்க, அந்த ஆனாவுங்க! ஏனுங் கிருபாசங்கர், நான் உங்களுக்கு ஒண்ணுமே பண்ணலீங்க. ஒண்ணும் பண்ணாதவளை நம்பி நீங்க வெரலை உட மாட்டீங்க. பண்ணிப்போட்டு, டவர் மேல பழியப் போட்டவரை நம்பி நான் உடோணுமுங்க! உட்டாத்தான் நான் மன்னிச்சவளுங்க! இல்லீன்னாப் பால் பொங்காதுங்க! ஏனுங் அத்தை, தண்ணி குடிக்கறீங்களா?"

மூன்றாம் படி வந்துவிட்டது. முத்தாத்தாள் கையிலிருந்த செல்போனைச் சுட்ட சட்டி மாதிரிக் கீழே வைத்தாள்.

"அதும் வாஸ்தவந்தான்," என்றாள், ஏழு ஊருக்குக் கேட்கிற குரல் முதல் தடவையாகப் பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும் கேட்க. "எனக்கு இந்த எழவெல்லாம் தெரியுமா? மன்னிச்சா மன்னிச்சதுன்னு நெனச்சேன்."

"மன்னிச்சது மன்னிச்சதுதானுங் அத்தை. இப்பவும் மன்னிச்சுத்தான் நிக்கறேன். இல்லீன்னா இவனுக்கு இன்னைக்கி நாட்டுக்கோழி எதுக்கு அறுத்தேன்?"

கிருபாசங்கர் போர்டை விட்டு விலகினான். கட்டையைத் திரும்பப் பைக்குள் போட்டுப் பட்டனை மாட்டினான். குந்தி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டி முடித்தான். நல்ல வேலைக்காரன், அதை மறுக்க முடியாது. கை துடைத்துக்கொண்டு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தான். சிம்மை வெளியே எடுத்தான். பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஒரு கடுகையும் பொறுக்கினான். இரண்டையும் அவள் வளைந்த விரல்களுக்கு நடுவில் வைத்தான்.

"அங்கியே கெடக்கட்டுமுங் நங்கை."

பீஸ் கட்டைகளையும் அவள் கையிலேயே கொடுத்தான். அவள் மாட்டினாள். பச்சைப் பொத்தானை அமுக்கினாள். சண்முகப்பிரியா ஓடிப்போய்ப் பத்திரிகையை எடுத்துவந்து, தட்டுகூட இல்லாமல், கையாலேயே நீட்டினாள்.

"சாப்புட வாடா," என்றாள் பாவாத்தாள். பாலுசாமி காலையில் விட்ட இட்லிக்கும் சேர்த்துத் தின்றார்.

பத்தாம் தேதி கணபதியில் பால் பொங்கியது. சாதாரணப் பொங்கல் இல்லை, அடுப்பை அணைத்து, தரையெல்லாம் ஓடி, பட்டறைவரைக்கும் போய்விடுமோ என்று ராமுலு மெசின்களை நிறுத்தி எல்லாக் கட்டையையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

அதற்கப்புறம் கிருபாசங்கரின் போன் பேச்சில் ஒரு வார்த்தை கூடியது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"நங்கை, உள்ள ஆரும் இல்லீங்ளே? செரிங், மோட்டார் போடுங்."

முதல் தடவை கேட்டபோது பாவாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. பொத்தானை அமுக்கிவிட்டு, அடுப்புக் கரி எடுத்து மோட்டார் ரூம் சுவரில் ஒரு கோடு போட்டாள். அடுத்த தடவை இரண்டாவது கோடு. அவன் ஒரு தடவைகூட மறக்காமல் கேட்டு ஆயிரத்தெட்டுக் கோடு வந்தால் சிம்மைப் பற்றி யோசிக்கலாம் என்று ஒரு கணக்கு. ஆடி பதினெட்டு வந்தபோது நாற்பத்தொன்று ஆகியிருந்தது. பாலுசாமி சுவரைப் பார்த்துவிட்டு, "நூறு போதாதா புள்ள?" என்றார். "உங்க வெரலா இருந்தா நூறு போதுமுங்க," என்றாள்.

ஆடி பதினெட்டுக்கு மறுநாள் போன் வந்தது. பின்னால் மெசின் சத்தம், யாரோ திட்டுகிற சத்தம். அவசரம்.

"நங்கை, மோட்டார் போடுங். சட்டுன்னு போடுங், கரண்டு போயிரும்."

பாவாத்தாள் பொத்தானுக்குப் பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள். உள்ளே ஒரு ஈ காக்காய் இல்லை. அவள் கை நகரவில்லை.

"ஏனுங் கிருபாசங்கர்," என்றாள் மெதுவாக. "சௌக்கியமுங்களா? ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா? தண்ணி கிண்ணி குடிச்சீங்களா?"

அந்தப் பக்கம், "டேய், மெசினை நிறுத்துங்கடா!" என்று ஒரு சத்தம்.

"நங்கை... உள்ள ஆரும் இல்லீங்ளே?"

"இல்ல கண்ணு," என்றாள். பச்சைப் பொத்தானை அமுக்கினாள். தண்ணீர் ஓடியது.

அப்புறம் முந்தானையை நனைத்து, சுவரில் இருந்த நாற்பத்தொரு கோட்டையும் ஒன்று விடாமல் துடைத்தாள். சுவர் காயும்வரை பொறுமையாக நின்று, கரித்துண்டை எடுத்து, ஒன்றாவது கோட்டைப் போட்டாள்.